ஒப்பிடக் கற்போம்

ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேச நாம் அஞ்சுகிறோம். தமிழைத் துணைகொண்டால் அந்த அச்சம் தீரும் என்பது நம் எண்ணம்.

தருமபுரி மாவட்டம் 1965இல் உருவாயிற்று. அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் பிரிந்தது. ஆகவே 'கிருஷ்ணகிரியைவிடத் தருமபுரி பழைய மாவட்டம்' என்கிறோம். இங்கே 'விட' என்னும் ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபே ஒப்பிடும் வேலை முழுவதையும் செய்கிறது. 'பழைய' என்ற சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ 'விட' என்பதற்கு ஈடான 'தேன்' மட்டும் போதாது; 'ஓல்டு' என்பதும் 'ஓல்டர்' ஆகவேண்டும். 'பியூட்டிஃபுல்' போன்ற நீண்ட சொல்லாயின் முன்னே 'மோர்' வரும். இரண்டையும் சேர்த்து 'மோர் ஓல்டர்' என்பது பிழை.

'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' ஆகியவை இலத்தீன் மொழியின் ஒப்பீட்டுச் சொற்கள். நம் மதர் சுப்பீரியரின் பட்டத்திலேயே ஓர் ஒப்பீடு இருக்கிறது! இவற்றுக்குப் பின் 'தேன்' வராது. 'டு' தான் வரும்.

யாரை யாரோடு ஒப்பிடுவது என்பதை மட்டும் எந்த இலக்கணமும் கூறுவதில்லை. பெற்றோரே, 'அவளைவிட நீ மட்டம்' என்று கேட்கும்போது எங்கள் மனம் வாடுகிறது. 'நேற்றைவிட இன்று நன்றாகப் படித்தாய்' என்று சொல்லிப் பாருங்கள். அதே 'விட' தான். ஆனால் அது எங்களை வளர்க்கும்.