நின்றபடி ஓடும் லாரி

ஹைதராபாத்தில் கொம்பள்ளியோ ஹயாத்நகரோ, புதிதாக வீடு எழும்பும் மனையில் முதலில் வந்து நிற்பது பல நேரம் நம்ம ஊர் வண்டிதான். நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பிய போர்வெல் லாரி. வீட்டுக்காரர் தேங்காய் உடைப்பார். பிட் கருங்கல்லில் இறங்கும். கொஞ்ச நேரத்தில் தெருவே வெள்ளைத் தூசி. இந்த நகரம் உட்கார்ந்திருப்பதே பாறை மேல்தானே.

அந்தத் தூசிக்குள் மணிக்கணக்காக என்ஜின் உறுமும், கிலோமீட்டர் முள் மட்டும் அசையாது. துளைக்கக் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கென்று தனி என்ஜின் இருந்தால் அதில் மணி மீட்டர் உண்டு, பார்த்து ஆயில் மாற்றிவிடுவார்கள். லாரி என்ஜினிலேயே ரிக்கை இயக்கும் வண்டிகள்தான் ஏமாந்துபோகின்றன. நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் 40, 50 கிலோமீட்டர் போனதாக வைத்துக்கொள் என்பது பட்டறைக் கணக்கு. பத்து மணி நேரம் துளை போட்ட லாரி, கர்நூல் போய்த் திரும்பிய அளவு தேய்ந்திருக்கும். மீட்டரைப் பார்த்தால் மனையை விட்டு நகரவே இல்லை.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் நம் ஆட்களின் சிக்கனம் எனக்குப் புரிவதில்லை. அடைத்துக்கொண்டால் தரையில் தட்டுவார்கள், ஏர் அடிப்பார்கள், மறுபடி மாட்டுவார்கள். அழுத்தத்தில் காகிதம் எங்கோ விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் வழியே போகும் கல்தூசி ரிங்கையும் லைனரையும் உரசித் தள்ளும். வண்டி ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும். ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவு, என்ஜினை இறக்கினால் லட்சங்களில் நிற்கும்.

தண்ணீர்க் கதை இன்னும் வேடிக்கை. தோண்டிய குழியில் பீறிட்ட நீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். தெலங்கானாவின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினநீர். என்ஜினுக்குள் அது சுண்ணாம்பாகப் படியும். மெல்லிய படிவம் போதும், சூடு வெளியேறாது. மே மாதத்தில் வெளியிலேயே 40 டிகிரி. கேஸ்கெட் போவதில் என்ன ஆச்சரியம்? இதைவிடக் கள்ளத்தனமான சேதமும் உண்டு. ஓடும்போது லைனர் அதிர்கிறது. அதைச் சுற்றிய நீரில் நுண்குமிழிகள் உண்டாகி உடைந்து, நாளடைவில் இரும்பில் ஊசித் துளை போடுகின்றன. ஒரு நாள் டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் நீர் கலந்து பால்காபி நிறத்தில் இருக்கும். சரியான கூலன்ட்டில் உள்ள ரசாயனம் லைனர் மேல் படலம் கட்டி இதைத்தான் தடுக்கிறது. பச்சை நிறம் வரும்வரை தண்ணீரில் கொஞ்சம் கலப்பது கூலன்ட் ஆகாது.

டர்போ வண்டியை வேலை முடிந்ததும் படக்கென்று அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடவேண்டும், டீசல் ஃபில்டரில் தேங்கும் நீரைக் காலையில் திறந்துவிடவேண்டும். இதெல்லாம் டிரைவர்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் கூலி அடிக்கணக்கில் வருகிறது. எத்தனை அடி, எத்தனை கேசிங் என்று எழுதும் நோட்டில் என்ஜின் ஓடிய மணிக்கும் ஒரு கட்டம் போடலாம். கிளீனர் பையனே எழுதிவிடுவான். அதை வாசித்து, வேலை குவிந்திருக்கும் ஏப்ரலில் ஒரு நாள் வண்டியை நிறுத்த முதலாளி சம்மதிப்பதுதான் கஷ்டம்.