தவிட்டை நீக்கிவிட்டு இரும்பைக் கலப்பதா?

செறிவூட்டப்பட்ட அரிசியை 2028 டிசம்பர் வரை தொடர்வது என்று 2024 அக்டோபர் 9-ஆம் தேதி டெல்லியில் மத்திய அரசு எடுத்த முடிவு தவறானது. 17,082 கோடி ரூபாய்ச் செலவு. 2021 சுதந்திர தின உரையில் அறிவித்து, 2022 ஏப்ரலில் ஒப்புதல் தந்து, 2024 மார்ச்சுக்குள் நாடு முழுக்கக் கொண்டுபோன திட்டம் இது. அதை உண்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னும் நான்கரை ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள்.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தென்னேரியிலோ உத்திரமேரூரைச் சுற்றியுள்ள எந்த ஊரிலோ ரேஷன் அரிசி புடைக்கும் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பாருங்கள். முறத்தில் அரிசியைப் பரப்பி, நிறம் மாறிய மணிகளைப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசலில் எறிகிறார்கள். ஊற வைத்தால் மிதக்கிறது, பிளாஸ்டிக் அரிசி என்று பயம். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, இயந்திரத்தில் பிழிந்து அரிசி வடிவாக்கி, நூறு மணிக்கு ஒரு மணி என்று கலக்கிறார்கள். இதை எத்தனை ரேஷன் கடைகளில் மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்? கோடிக்கணக்கில் செலவழித்துக் கலந்ததைக் கோழி கொத்துகிறது.

நம் பெரிய மனக்குறை வேறு. இந்த அரிசியில் வயிற்றைப் பற்றிய நினைப்பே இல்லை.

தென்னேரி ஏரித் தண்ணீரில் விளைகிற நெல் கொள்முதல் நிலையம் வழியாக ஆலைக்குப் போகிறது. அங்கே தீட்டித் தீட்டி வெள்ளையாக்குகிறார்கள். தவிடு எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போய்விடுகிறது. நார்ச்சத்தும், பி வைட்டமின்களும், இரும்பில் பெரும்பங்கும் இருந்தது அந்தத் தவிட்டில்தான். போனவற்றில் இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் மட்டும் தொழிற்சாலையிலிருந்து திருப்பித் தருகிறார்கள். நார்ச்சத்து திரும்பி வரவே இல்லை.

அந்த நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இந்த அமிலங்கள் ரத்தத்தில் கலந்து, எலும்பு மஜ்ஜையில் உருவாகும் தற்காப்புச் செல்களின் குணத்தையே மாற்றுகின்றன. நார்ச்சத்து மிகுந்த தீனி தின்ற எலிகள் இன்ஃப்ளூயன்சா தொற்றைத் தாங்கிப் பிழைத்ததையும், நுரையீரல் சிதைவு குறைந்ததையும், வைரஸை அழிக்கும் டி செல்கள் வலுப்பெற்றதையும் 2018-இல் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2011-இல், ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்த எலிகளின் உடல் அதே வைரஸுக்கு எதிராகச் சரிவரத் திரளவில்லை என்று யேல் பல்கலைக்கழக ஆய்வு சொல்லிவிட்டது. எலியில் கண்டதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வயிறும் நுரையீரலும் தொடர்பற்றவை என்று இனி யாரும் வாதாட முடியாது.

இரும்பின் கதை இன்னும் கவலை தருகிறது. ஐவரி கோஸ்ட் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் இரும்பு சேர்த்த பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு வெளிவந்தது 2010-இல். குடலில் நோய் தரக்கூடிய என்டரோபாக்டீரியா பெருகியது, நன்மை செய்யும் லாக்டோபேசில்லஸ் குறைந்தது, குடல் அழற்சியின் அறிகுறி கூடியது, ரத்தசோகையோ குறையவில்லை. கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் போதாத இடத்துப் பிள்ளைகள் அவர்கள். நம் பிள்ளைகளின் நிலைமையும் பல ஊர்களில் அதுவே. இங்கே ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு சேர்க்கலாம் என்பது விதி. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பது உண்மை, அதற்கு வைத்தியம் வேண்டும். யாருக்கு ரத்தசோகை, யாருக்கு இல்லை என்று பாராமல் எல்லார் தட்டிலும் கொட்டுவது வைத்தியமா?

குடல் விஷயத்தில் இதே அரசின் கைகள் முன்பு செய்ததையும் மறப்பதற்கில்லை. 2020 மார்ச்சில் வந்த கொரோனா சிகிச்சை வழிகாட்டுதலில், கடும் நோயாளிகளுக்கு அசித்ரோமைசின் இடம்பெற்றது. வைரஸுக்கு எதற்கு பாக்டீரியா மருந்து? அந்தப் பெயர் ஒருமுறை வெளியே வந்தபின் தெருக்கோடி மருந்துக்கடை வரை ஓடியது. 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும், வழக்கத்தைவிட 21 கோடி வேளைக்கு மேல் ஆன்டிபயாடிக் கூடுதலாக விற்றிருக்கும் என்று பின்னர் ஒரு மதிப்பீடு வந்தது. சுவாச நோயின் நடுவே, எத்தனை வயிறுகளின் நல்ல பாக்டீரியாவை அழித்தோம்! அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. அரிசி மூன்று ரூபாய், கோதுமை இரண்டு ரூபாய், சிறுதானியம் ஒரு ரூபாய் என்று அதன் அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு ரூபாய் தானியம் எங்கே? 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று உலகம் கொண்டாடியபோது, தமிழ்நாட்டு ரேஷனில் கேழ்வரகு வந்தது நீலகிரியிலும் தர்மபுரியிலும்தான். காஞ்சிபுரம் மாவட்டம் என்ன பாவம் செய்தது? விளைகிற வேர்க்கடலைக்கு விலை கேட்டு விவசாயி நிற்க, கடையில் பாமாயில் பாக்கெட். சென்னையில் அரசு மருத்துவர்கள், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில், பழைய சோறு குடலுக்குச் செய்யும் நன்மையை அரசு நிதியிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த அறிவு உணவுத் துறைக் கோப்புகளுக்குள் நுழையவே இல்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டு பராந்தகச் சோழன் காலத்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டினார்கள் இந்த மண்ணில். மூன்று ஆண்டு அரிசியின் கணக்கைக் காட்டாமல் அடுத்த நான்கரை ஆண்டை எடுத்துக்கொள்ள இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ரேஷனில் என்ன அரிசி, எவ்வளவு தீட்டல், கூட என்ன தானியம், என்ன பருப்பு என்பதை உண்கிறவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். குடலை அறிந்த மருத்துவர்களையும் அந்தந்த மாவட்ட விவசாயிகளையும் கூட உட்கார வைத்துப் பேச வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையோடு சளியும் காய்ச்சலும் ஆண்டுதோறும் வரும். 2028 டிசம்பர் என்ற கெடுவைத் திரும்பப் பெறுங்கள். அதுவரை காத்திருக்க எங்கள் பிள்ளைகளால் முடியாது.