சரபங்கா நதியை அளப்பது யார் வேலை?

எடப்பாடி வட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தை நம்பிக் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் கரும்பும் பருத்தியும் பயிரிடும் சிறு விவசாயிகள் ஏராளம். சரபங்கா நதியில் எத்தனை நாள் நீர் ஓடியது என்பதைப் பொறுத்தே கரையோரக் கிணறுகளில் ஊற்று அமைகிறது. ஆயினும், ஓமலூரில் எவ்வளவு நீர் வந்தது, எடப்பாடியில் எவ்வளவு சென்றது, தேவூரைத் தாண்டிக் காவிரியில் எவ்வளவு கலந்தது என்று கேட்டால் கண் மதிப்பில்தான் பதில் கிடைக்கிறது. கடைமடைக்காரர் மேல்மடைக்காரரைக் குறை கூறுகிறார். மேல்மடைக்காரர் மழையைக் குறை கூறுகிறார். கையில் கணக்கு இல்லாத இடத்தில் சச்சரவுதான் மிஞ்சும்.

புவியியல் பயிலும் மாணவர்களுக்கு ஆற்றை அளக்கும் களப்பணி ஒரு பாடமாக உள்ளது. ஆற்றின் தலைப்பிலிருந்து முகத்துவாரம் வரை சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அகலம், ஆழம், நீரோட்ட வேகம், கற்களின் அளவு ஆகியவற்றைக் குறித்து ஒப்பிடுவதே அப்பணி. மாணவர்களின் மதிப்பெண்ணுக்காக மட்டும் இருந்துவரும் இந்த வேலையை விவசாயிகள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

புத்தக விதியும் சரபங்காவும்

ஆறு கீழே இறங்க இறங்கப் பல ஓடைகள் வந்து சேர்வதால் நீர் பெருகும், அகலமும் ஆழமும் கூடும், வாட்டம் குறையும், கற்கள் தேய்ந்து சிறுத்து உருண்டையாகும். அமெரிக்க அறிஞர்கள் லியோபோல்டும் மேடாக்கும் பல ஆறுகளின் அளவுகளைத் தொகுத்து 1953 ஆம் ஆண்டில் இதைக் கணக்காகவே காட்டினர். நீரின் அளவு 4 மடங்கானால் ஆற்றின் அகலம் ஏறக்குறைய 2 மடங்காகும் என்பது அவர்கள் கண்ட பொது விதி. மலையில் துள்ளி ஓடும் நீரே வேகமானது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் சமவெளியில் ஆழம் கூடி, தடுக்கும் பாறைகள் குறைவதால், சராசரி வேகம் குறையாமல் சற்றுக் கூடவும் செய்யும் என்பதையும் அவர்கள் கண்டனர்.

சரபங்காவோ சேர்வராயன் மலையில் தோன்றி மழையை நம்பி ஓடும் நதி. வழியில் ஏரிகள் நிரம்ப வேண்டும். காய்ந்த மணல் குடிக்க வேண்டும். கரையோர மோட்டார்களும் இறைக்கும். ஆகவே கீழே செல்லச் செல்ல நீர் பெருகாமல் குறையவும் கூடும். வறண்ட பகுதி ஆறுகளின் இயல்பு இது. அளவு புத்தகத்தோடு ஒத்துவரவில்லை என்று மாணவர்கள் அதை அழித்துவிடக் கூடாது. அந்தக் குறைவுதான் விவசாயிக்குத் தேவையான கணக்கு.

அளக்கும் முறை

இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. அளவு நாடா, அடி குறித்த மூங்கில் கம்பு, ஓர் எலுமிச்சம்பழம், நொடி காட்டும் கடிகாரம் ஆகியவை போதும். ஆறு நேராக ஓடும் இடத்தில் 30 அடி நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீர்ப்பரப்பின் அகலத்தை அளந்து, குறுக்கே குறைந்தது 5 இடங்களில் ஆழம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். பழத்தை மிதக்கவிட்டு அது 30 அடியைக் கடக்கும் நேரத்தை 3 முறை குறிக்க வேண்டும்.

அகலம் 20 அடி, சராசரி ஆழம் 1 அடி, கடக்கும் நேரம் 20 நொடி என்று கொள்வோம். வேகம் நொடிக்கு 1.5 அடி. மூன்றையும் பெருக்கினால் 30 வரும். மேல்மட்ட நீர் அடிமட்ட நீரைவிட விரைவாக ஓடுவதால் இதைச் சுமார் 0.85 ஆல் பெருக்க, நொடிக்கு 25.5 கன அடி என்பது கிடைக்கும்.

ஒரு கன அடி ஓட்டம் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் நீர் தரும். அதே நாளில் சில மைல் கீழே 18 கன அடிதான் இருந்தது என்றால், இடையே குறைந்தது 7.5 கன அடி. ஒரு நாளைக்கு இது சுமார் 180 ஏக்கர் அங்குலம். அதாவது 90 ஏக்கருக்கு 2 அங்குலப் பாசனம். இந்த நீர் ஏரிக்குத் திரும்பியதா, மணலில் இறங்கிக் கிணறுகளுக்குச் சென்றதா, மோட்டாரில் ஏறியதா என்று அப்போதுதான் தேட முடியும். மணலில் இறங்கியிருந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் அடுத்த வாரங்களில் உயர்ந்து காட்டும். எனவே ஆற்றை அளக்கும் நாளில் அருகிலுள்ள சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் கயிறு விட்டுக் குறிப்பது அவசியம்.

கல்லும் மணலும்

ஒவ்வோர் இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு 20 கற்களைப் பொறுக்கி, நீளத்தை அளந்து சராசரி எழுத வேண்டும். மணல் எவ்வளவு ஆழம் உள்ளது என்பதையும் கடப்பாறை இறக்கிப் பார்க்க வேண்டும். மணல் ஆற்றின் நீர்த்தொட்டி. மணலை அள்ளி ஆற்றுப் படுகை தாழ்ந்தால், பக்கத்துக் கிணற்று நீர் ஆற்றை நோக்கி வடிந்து, கிணறும் தாழும். கிணற்றை மேலும் ஆழப்படுத்தக் கடன் வாங்கும் சிறு விவசாயிக்கு, தன் ஊர் எல்லையில் படுகை ஆண்டுக்கு எத்தனை அடி இறங்கியது என்ற குறிப்பு ஒரு சாட்சிப் பத்திரம்.

இப்போது ஏன் அவசரம்?

மேட்டூர் அணையின் உபரி நீரை ஏற்றி, சேலம் மாவட்டத்தில் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதற்கட்டம் 2021 ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. சரபங்கா வடிநிலத்திலும் புதிய நீர் வரும் காலம் இது. நீர் திறந்த நாட்களிலும் திறக்காத நாட்களிலும் ஆற்றை அளந்து வைத்தால்தான், எந்த ஊருக்குப் பயன் சேர்ந்தது, எந்த ஊர் விடுபட்டது என்று தெரியும்.

"அரசு அளக்காதா?" என்று சிலர் கேட்கலாம். அணைகளுக்கும் பெரிய நதிகளுக்கும் அளவு நிலையங்கள் உண்டு. ஒரு சிற்றாற்றின் ஒவ்வோர் ஊர் எல்லையிலும் அவற்றை எதிர்பார்க்க முடியாது. "மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் காயும், அளந்து என்ன பயன்?" என்பாரும் உண்டு. தறிக்குப் போகும் நூலையும் ஆலைக்குப் போகும் கரும்பையும் எடை போடாமல் விடாத ஊரில், இரண்டுக்கும் மூலமான நீரை மட்டும் அளக்காமல் விடுவது முறையன்று.

மலையடிவாரம், ஓமலூர், எடப்பாடி, தேவூர், காவிரிச் சங்கமம் என 5 இடங்களில் ஒரே நாளில், ஐப்பசியில் ஒரு முறையும் தை மாதத்தில் ஒரு முறையும் அளந்தால் போதும். மாணவர்கள் அளக்கட்டும், விவசாயிகள் இடத்தையும் பழைய நிலையையும் காட்டட்டும். வெள்ள நாளில் ஆற்றில் இறங்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் பாலத்திலிருந்து கயிறு இறக்கி ஆழம் பார்க்க வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்களில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

மார்ச் 22 உலக நீர் நாளில் கிராம சபை கூடுகிறது. அன்று 5 ஊர்களின் அளவையும் ஒரே தாளில் எழுதி வாசிக்க வேண்டும். தடுப்பணை எங்கே வேண்டும், எந்த ஏரியின் வரத்து வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்று கேட்கும்போது, மூன்று ஆண்டுக் கணக்கோடு நிற்கும் ஊரின் மனுவை எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.