திரும்பி வந்த குட்டி

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு ராஜபாளையம் குட்டி திரும்பி வந்தது. ரெண்டு மாசக் குட்டியாக நான் கொடுத்தது, இப்போ அஞ்சு மாசம். "சொன்ன பேச்சே கேக்கல, கடிக்குதுண்ணே. காது கேக்காதோன்னு தோணுது" என்றார் வாங்கியவர்.

வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டி பிறப்பது உண்டு. அதனால் முதலில் அதைத்தான் பார்த்தேன். அது அசந்திருந்த நேரம் பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். சட்டென்று திரும்பியது. காது சரி. ஆனால் கையைச் சும்மா தூக்கினாலே ஒடுங்கிப் படுத்து மூத்திரம் விட்டது. மூணு மாசமும் பால்கனியில் கட்டிக் கிடந்திருக்கிறது. கடிக்குதுன்னா, அது பல் விழுந்து முளைக்கிற வயசுங்க.

முதல் வாரம் எதுவும் பழக்கவில்லை. தொழுவத்தில் அதன் தாயோடு விட்டேன். அப்புறம் கையாலேயே சோறு. பேர் சொல்லி வந்தால் ஒரு துண்டு கருவாடு. இப்போ வரப்பில் எவ்வளவு தூரம் ஓடினாலும் கூப்பிட்டால் திரும்புகிறது.

கொண்டுவந்து விட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெருவில் விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்களே. தப்பு என்னுடையது. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம் இது. எத்தனாவது மாடி, பகலில் வீட்டில் யார் இருப்பாங்க என்று ஒரு வார்த்தை கேட்காமல் காசை வாங்கிக் கொடுத்துட்டேன். அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்தாச்சு.

இனிமேல் நான்தான் முதலில் கேள்வி கேட்பேன், கோவிச்சுக்காதீங்க. இந்தக் குட்டியையும் கேக்குறாங்க. தினம் ஒரு மணி நேரம் ஓடவிட இடமும் ஆளும் இருந்தால் மட்டும் சொல்லுங்க.