ஃபேர்லேண்ட்ஸுக்கு வரட்டும் கூத்து

பெண் சிசுவைக் கொல்லாதே, எங்களிடம் கொடு என்று அரசு தொட்டில் வைத்தது 1992இல். அந்தத் திட்டம் தொடங்கியது நம் சேலத்தில்தான். அதே பத்தாண்டின் கடைசியில், ஒருகாலத்தில் சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரியில், டென்மார்க்கின் டேனிடா உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டம், சிசுக்கொலைக்கு எதிராகக் கலைப்பயணக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பியது. நோட்டீஸும் கூட்டமும் சொல்லிப் புரியாததை மந்தையில் நடந்த நாடகமும் பாட்டும் சொல்லின. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் அந்த முயற்சியை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதியிருக்கிறார்கள். இடையில் 1994இல், பெண் சிசுக்கொலையைப் பேசிய பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ படம் வந்தது.

இந்தக் கலை எல்லாமே ஒரே திசையில் போனது. நகரத்திலிருந்து கிராமத்துக்கு, வசதியுள்ளவர்களிடமிருந்து ஏழைத் தாயிடம். குழந்தையைக் கொல்லாதே என்று அவளிடம் சொன்னோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு யார் வீட்டில் இடம் என்ற கேள்வியை எந்த நாடகமும் நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் தெருக்களில் மகன் அமெரிக்காவிலும் மகள் பெங்களூரிலும் இருக்க, மாடி அறைகள் பூட்டிக் கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. இனி ஆட்டம் நடக்க வேண்டிய இடம் இங்கேதான்.

தத்தெடுப்பு எல்லோருக்கும் தெரியும். வளர்ப்புப் பராமரிப்பு தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. அப்பா சிறையில் இருக்கலாம், அம்மா தீராத நோயில் கிடக்கலாம். பெற்றவர்கள் உயிரோடு இருப்பதாலேயே தத்துக்குப் போக முடியாத பிள்ளைகள் உண்டு. ஆறு வயது தாண்டியதால் யாரும் கேட்டு வராத பிள்ளைகளும் உண்டு. இவர்களைக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு ஒரு குடும்பம் சில காலம் தன் பிள்ளையாக வளர்க்கலாம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 2024இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்படி, தனியாக வாழ்கிறவர்களும் முன்வரலாம். பிள்ளை தத்துக்குச் சட்டப்படி தகுதி பெற்றிருந்தால், இரண்டு ஆண்டு வளர்த்த குடும்பமே தத்தெடுத்துக்கொள்ளலாம். நாமக்கல் பக்கம் லாரித் தொழிலோடு எச்.ஐ.வி. பரவிய காலத்தில் எத்தனையோ பாட்டிகள் எந்த உத்தரவும் உதவித்தொகையும் இல்லாமல் பேரப்பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்தப் பாட்டிகளைப் பற்றியும் நாம் ஒரு நாடகம் போடவில்லை.

இதற்கு ஏன் கலை? அந்தப் பிள்ளையின் முகத்தைக் காட்டக் கூடாது என்பதால். அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு பெயரையோ படத்தையோ பள்ளியையோ வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நம் ஊரில் பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட்டுவிட்டு, தட்டேந்தி நிற்கும் பிள்ளைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு நாளை ஒரு வகுப்பறை இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது, ஒரு கல்யாணம் இருக்கிறது என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அரிதாரம் பூசிய கூத்துக் கலைஞனாலும் மரப்பாவையாலும் முகத்தை மறைத்துவிட்டு வாழ்க்கையை முழுதாகச் சொல்ல முடியும். கேமராவுக்கு அது முடியாது.

கதைக்கும் பஞ்சமில்லை. கர்ண மோட்சக் கூத்தில் குந்தி அழும்போது கூட்டமே அழுகிறது. பெட்டியில் மிதந்து வந்த அந்தப் பிள்ளையை எடுத்து வளர்த்த ராதைக்கு எத்தனை மேடைகளில் பாட்டு இருக்கிறது? கூத்து வாத்தியார்கள் அவளுக்கு ஒரு காட்சி கட்ட வேண்டும் என்று மனதார வேண்டுகிறோம்.

கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குக் கலைஞர்கள் துணை நிற்பது புதிதல்ல. லண்டனில் 1739இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கியபோது, வில்லியம் ஹோகார்த் தன் ஓவியங்களைக் கொடுத்தார். மற்ற ஓவியர்களையும் கொடுக்கவைத்தார். இசையமைப்பாளர் ஹேண்டல் அங்கே தன் ‘மெசையா’ இசைப்படைப்பை நடத்தி நிதி திரட்டினார். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: ஹோகார்த்தும் அவர் மனைவியும் அந்த இல்லத்துப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்தார்கள்.

இனிப்பாக மட்டும் சொல்லும் கலை வேண்டாம். நம் பக்கம் இப்படி ஒரு பேச்சை எடுத்தாலே, “பிள்ளை என்ன ஆளுங்க?” என்ற கேள்விதான் முதலில் வரும். மணிமேகலையில் ஆபுத்திரனை எடுத்து வளர்க்கிறான் இளம்பூதி. வேள்விக்குக் கட்டிவைத்த பசுவைப் பிள்ளை அவிழ்த்துவிட, வேதியர்கள் அவன் பிறப்பைச் சொல்லிப் பழிக்கிறார்கள். அன்றுவரை வளர்த்தவனே அவனை வீட்டைவிட்டு விரட்டுகிறான். ஊர் பேசியதும் ஒரு நல்ல மனிதன் பின்வாங்கிய அந்த இடத்தை நம் நாடகக்காரர்கள் எடுத்துப் போட வேண்டும். பெற்றவளிடமே பிள்ளை திரும்பும் நாளில் வளர்த்தவள் படும் பாட்டையும் மறைக்காமல் காட்ட வேண்டும். தெரிந்து வருகிறவர்கள்தான் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். பாதியில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளை இரண்டாம் முறை கைவிடப்படுகிறது.

ராதை, ஆபுத்திரன் கதைகளில் எதை எழுதி அனுப்பினாலும் அடுத்த இதழில் பக்கம் ஒதுக்குகிறோம். அரங்கேற்றம் ஃபேர்லேண்ட்ஸில் ஏதாவது ஒரு தெருவில், சாயங்காலம், நாற்காலி போட்டு. ஆட்டம் முடிந்ததும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர் வந்து, யார் விண்ணப்பிக்கலாம், வீட்டை எப்படி ஆய்வு செய்வார்கள் என்று விளக்க வேண்டும். அதைக் கேட்கும் வரை யாரும் எழுந்து போகாதபடி ஆடுவது கலைஞர்கள் கையில் இருக்கிறது.