கண்ணிற் படாத பெட்டி

நாவலப்பிட்டியிலே மழைக்கும் மின்சாரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. மலையில் விழுந்தோடும் நீரை அணைகட்டித் தடுத்து, 201 மெகாவாற்று வலுவுடைய கொத்மலை நிலையம் 1985 ஆம் ஆண்டு தொடக்கம் நமக்கு அயலிலேயே இயங்கி வருகின்றது. அத்துணை மின்சாரத்தின் நடுவே வாழும் நாம், செங்கல்லினும் சற்றே பெரியதான ஒரு பெட்டியைத் தெரிவுசெய்யத் தெரியாமல் தலைகுனிந்த கதையை இவ்வாரம் சொல்லப் புகுகின்றோம். வெட்கந்தான், ஆயினும் சொன்னால் நாலு வீட்டாருக்குப் பயன்படும்.

நம் தமக்கையாரின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவன். கணினி விளையாட்டில் அவனுக்கு மோகம். முப்பரிமாணச் சித்திரங்களை அசையச்செய்யும் கலையைப் பயில வேண்டுமென்பது அதனினும் பெரிய ஆசை. ஓராண்டு காலம் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், ஒருவர் பாவித்துக் கைமாற்றிய ஆர்.ரி.எக்ஸ். 3060 என்னும் வரைகலை அட்டையை வாங்கினான். கடைக்காரர் 'கிராபிக்ஸ் கார்ட்' என்பது இதனைத்தான். திரையிலே தோன்றும் காட்சிகளைக் கணக்கிட்டு வரைவது அதன் தொழில். அதற்கும் கணினியின் மற்றை உறுப்புகளுக்கும் மின் ஊட்டுகின்ற வலுவழங்கியை, அதாவது 'பவர் சப்ளை'யை, வாங்குவதற்காக நம்மையும் அழைத்துக்கொண்டு கண்டிக்குச் சென்றான்.

கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றின்மேல் 550 வாற்று என்றும், மற்றதன்மேல் 500 வாற்று என்றும் எழுதியிருந்தது. இரண்டாவதன் விலை முதலாவதின் மூன்றிலொரு பங்கு. கல்லூரியிலே பொருளியல் படிப்பிக்கின்ற நமக்குச் சிக்கனம் சொல்லியா தரவேண்டும்? "கண்ணிற் படாமல் உள்ளே கிடக்கப்போகும் சாமானுக்கு ஏன் இவ்வளவு பணம்? ஐம்பது வாற்றுத்தானே குறைவு?" என்று தீர்ப்பு வழங்கினோம். பையன் தயங்கினான், ஆனால் மாமாவின் சொல்லை மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை விளையாட்டு உச்சத்தில் இருந்தபோது 'டக்' என்றொரு சத்தம் கேட்டது. திரை இருண்டது. கருகல் நாற்றமும் புகையும் அறையை நிறைத்தன. பழுதுபார்ப்பவர் கைவிரித்து விட்டார்; வழங்கியோடு அட்டையும் போய்விட்டது. தமக்கையார் ஒன்றும் சொல்லவில்லை. பையனோ, "பரவாயில்லை மாமா, நீங்கள் காசை மிச்சப்படுத்தத்தானே சொன்னீர்கள்" என்றான். அவன் ஏசியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின்னரே அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டை நாம் படித்துப் பார்த்தோம். நம் வீட்டுச் சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். வழங்கி அதனை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றுகின்றது. இவற்றுள் வரைகலை அட்டைக்கும் செயலிக்கும் பெரும்பாலும் வேண்டியது 12 வோல்ற்று ஒன்றே. நம் பெட்டியின் சீட்டிலே 12 வோல்ற்றுக்கு நேரே 18 அம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 216 வாற்று. மேலே பெரிதாக எழுதிய 500 எங்கே, இந்த 216 எங்கே!

அந்த அட்டைக்கு மட்டும் 170 வாற்று வேண்டும். 65 வாற்று என்று குறித்த செயலியையும் கூட்டினால் 235. கடும் வேலையின்போது செயலி அதனினும் மிகுதியாகக் கேட்பதுண்டு. விசிறி, வட்டு முதலியன வேறு. இன்னும், இவ்வகை அட்டைகள் கண்ணிமைக்கும் நேரத்திற் குறித்த அளவைத் தாண்டி மின்னை இழுப்பதும் இயல்பு. இதனாலேயே இந்த அட்டைக்கு 550 வாற்று வழங்கி வேண்டுமென்று அதனை ஆக்கிய என்விடியா நிறுவனத்தார் குறித்துள்ளனர். ஆனை கொண்டவன் அங்குசத்திற் சிக்கனம் பிடித்த கதையாயிற்று நம் கதை.

ஆகவே பெட்டியில் எழுதிய பெரிய எண்ணை நம்பாதீர்கள். 12 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். அடுத்து இணைப்பான்களைப் பாருங்கள். அட்டை செருகும் துவாரம் 75 வாற்று வரையே கொடுக்கும். ஆறு முனை இணைப்பானுக்கு 75, எட்டு முனைக்கு 150 என்பது நியமம். அந்த வடம் வழங்கியிலிருந்தே வரவேண்டும். இடையில் ஒட்டுவடம் கூடாது. பெரிய அட்டைகளுக்கென 2022 இல் வந்த பதினாறு முனை இணைப்பான், முற்றாக அழுந்தாதவிடத்து உருகிய செய்திகளும் உண்டு. எவ்வகையானாலும் இறுதிவரை அழுத்திச் செருகுதல் நன்று.

'80 பிளஸ்' என்ற முத்திரை 2004 இல் தோன்றியது. சுவரிலிருந்து எடுக்கும் மின்னில் நூற்றுக்கு எண்பதாவது பயனாக வெளிவரும் என்பது அதன் பொருள். அது வினைத்திறனுக்குச் சான்றேயன்றிப் பாதுகாப்புக்கு முழுச் சான்றன்று. மிகையோட்டம், குறுஞ்சுற்று ஆகியவற்றின்போது தானே நின்றுவிடும் காப்பு உண்டா என்பதையும் விசாரியுங்கள். பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என மாற்றும் சிவப்பு ஆளி இருக்கும். நம் நாட்டில் அதனை 115 இல் வைத்து மின் கொடுத்தால் அக்கணமே வெடிக்கும்.

இன்னொரு அட்டைக்குப் பாதிப் பணம் கொடுக்க முன்வந்தோம். பையன் வாங்க மறுத்தான். தமக்கையாரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். சென்ற மாதம் மறுபடியும் இருவருமாகக் கண்டிக்குப் போனோம். கடைக்காரர் நீட்டிய பெட்டியை அவன் புரட்டினான். சீட்டைக் கண்டுபிடித்து நம்மிடம் காட்டினான்.

"12 வோல்ற்று, 43 அம்பியர். நீங்களே பெருக்கிப் பாருங்கள் மாமா" என்றான்.

பெருக்கினோம். 516 வாற்று வந்தது. இம்முறை நாம் விலையைக் கேட்கவில்லை.