"எந்தத் தோட்டத்து ஆள்?" என்று கேட்டவருக்கு



போன மாதம் ஒரு தோட்டத்தில் கிளைக் கூட்டம் நடந்தது. தலைவர் பதவிக்கு ஒரு அக்காவின் பெயரை முன்மொழிந்தார்கள். இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவர். நிறுவையில் கிலோ வெட்டியபோது கணக்குப்பிள்ளையிடம் நேருக்கு நேராக நின்று பேசியவர். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அவங்க கட்டிக்கிட்டு வந்தவங்கதானே, நம்ம தோட்டத்து ஆளா?" யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது என் தப்பு. தெரிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ரென்ஹோவின் நினைவு வந்தது. ஜப்பானியப் பெண் அரசியல்வாதி. இதே கேள்வியை அவரிடம் ஒரு நாடே கேட்டது.

ரென்ஹோ 1967 நவம்பரில் டோக்கியோவில் பிறந்தார். அப்பா தாய்வான்காரர், வியாபாரி. அம்மா ஜப்பானியர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் டோக்கியோவில்தான். ஆனாலும் பிறந்தபோது அவர் ஜப்பானியப் பிரஜை இல்லை. அன்றைய சட்டத்தில் பிரஜாவுரிமை தகப்பன் வழியாக மட்டுமே வந்தது. பெற்ற தாய் ஜப்பானியராக இருந்தும் பிள்ளை வெளிநாட்டுக்காரி.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் கதை இன்னும் கசக்கும். 1895 முதல் 1945 வரை தாய்வான் ஜப்பானின் காலனியாக இருந்தது. அந்த 50 வருடமும் தாய்வான் மக்கள் ஜப்பான் பேரரசின் குடிகள். யுத்தம் முடிந்து, 1952 இல் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, ஜப்பானிலேயே குடியிருந்த தாய்வான்காரரும் கொரியரும் ஜப்பானியப் பிரஜாவுரிமையை இழந்தார்கள். உனக்கு எது விருப்பம் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தகப்பன் வழிச் சட்டத்தை மாற்ற ஜப்பானியப் பெண்கள் வழக்குப் போட்டார்கள், பாராளுமன்றத்திலும் கேள்வி எழுப்ப வைத்தார்கள். ஒக்கினாவா தீவில் அமெரிக்கத் தகப்பனுக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த சில பிள்ளைகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் சேர வேண்டிய நெருக்கடியும் இருந்தது. கடைசியில் 1984 இல் சட்டம் திருத்தப்பட்டு 1985 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. தாய் வழியிலும் பிரஜாவுரிமை கிடைத்தது. அந்த வருடம்தான், 17 வயதில், ரென்ஹோ ஜப்பானியப் பிரஜை ஆனார். (நம் நாட்டுச் சட்டமும் 2003 இல் திருத்தும் வரை தகப்பனைத்தான் பார்த்தது. நாம் ஜப்பானைக் குறை சொல்ல அவ்வளவு இடமில்லை.)

மொடலாகவும் பின்பு தொலைக்காட்சிச் செய்தி அறிவிப்பாளராகவும் வேலை செய்தார். இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய். 2004 இல் டோக்கியோவிலிருந்து மேல்சபைக்குத் தெரிவானார். 2010 இல் அமைச்சரானார், அதே தொகுதியில் 17 இலட்சத்துக்கு மேல் வாக்குகளும் வாங்கினார். அதற்கு முந்தைய வருடம் அரசாங்கச் செலவுகளைப் பகிரங்கமாகப் பரிசோதிக்கும் விசாரணை ஒன்று நடந்தது. உலகின் முதலாவது அதிவேகக் கணினியைச் செய்யப் பணம் கேட்ட அதிகாரிகளிடம், இரண்டாம் இடம் வந்தால் ஆகாதா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் நாடு முழுவதும் பேசப்பட்டார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் கூடிக் கண்டித்தார்கள். ஆசிரியை என்ற முறையில் நான் விஞ்ஞானிகள் பக்கம்தான். ஆனால் மக்கள் காசு எங்கே போகிறது என்று அதிகாரியை உட்கார வைத்து, எல்லோரும் பார்க்கக் கேட்ட தைரியம் எனக்குப் பிடிக்கும்.

2016 செப்டெம்பரில் ஜனநாயகக் கட்சியின் தலைவியாகத் தெரிவானார். அதே வாரம்தான் பிரச்சினை வெடித்தது. தாய்வான் பிரஜாவுரிமையை அவர் முறைப்படி நீக்கவில்லை, அது இன்னும் பதிவில் இருக்கிறது என்று தெரியவந்தது. அதை எப்போதோ விட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன் என்றார். அவர் சொன்ன விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. இதில் நான் அவரைக் காப்பாற்ற மாட்டேன். தலைமைக்கு வருகிறவர் தன் பத்திரங்களை முன்னமே பார்த்து, ஒரே பதிலாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கேட்டவர்கள் கேட்டது பத்திரத்தை மட்டும்தானா? இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் பாராளுமன்றத்தில் இருக்கக் கூடாது என்று ஜப்பானில் சட்டமே இல்லை. தாய்வானை ஒரு நாடாக 1972 முதல் ஜப்பான் அங்கீகரிப்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது, நீ உண்மையிலே எங்கள் ஆளா என்ற கேள்விதான். 2017 ஜூலையில், டோக்கியோ நகரசபைத் தேர்தலில் கட்சி 5 ஆசனம் மட்டுமே வாங்கியிருந்த நேரத்தில், தன் குடும்பப் பதிவேட்டின் ஒரு பகுதியைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். தன்னோடு இது முடியட்டும், இன்னொருவரிடம் கேட்கக் கூடாது என்ற கருத்தில் பேசினார். அடுத்த வாரமே பதவி விலகல் அறிவிப்பு வந்தது.

குடும்பப் பதிவேடு ஜப்பானில் சும்மா ஒரு கடதாசி இல்லை. புராக்கு என்று அழைக்கப்படும் மக்கள் நம் சாதிக் கொடுமை போன்ற ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தவர்கள். கல்யாணம் பேசும்போதும் வேலைக்கு எடுக்கும்போதும் இவன் எந்த இடத்து வம்சம் என்று பார்க்க அந்தப் பதிவேட்டைத்தான் புரட்டினார்கள். அவர்கள் வாழும் ஊர்களின் பட்டியலைக் கம்பனிகள் காசு கொடுத்து வாங்கியது 1975 இல் அம்பலமானது. அதன் பிறகுதான் பதிவேட்டைக் கண்டவரும் பார்க்க முடியாதபடி இறுக்கினார்கள். அப்படிப் போராடி மூடிய கதவை ஒரு கட்சித் தலைவியே திறந்து காட்டினால், நாளைக்கு வேலை கேட்டுப் போகும் கொரிய வம்சத்துப் பிள்ளை எப்படி மறுக்கும்? அதனால்தான் அவர் காட்டியது தவறு என்று நினைக்கிறேன். காட்டாமல் இருந்தால் தோற்றிருப்பார் என்பார்கள். காட்டியும் தோற்றார்.

சங்கத் தலைவரிடம் சந்தாக் கணக்கைக் கேளுங்கள். கொடுத்த வாக்கு என்ன ஆனது, துரையோடு தனியாக என்ன பேசினாய் என்று மேசையில் தட்டிக் கேளுங்கள். அம்மா எந்தத் தோட்டம், அப்பா எந்த ஊர் என்பது கணக்கு இல்லை. அதுவும் பெண்ணைக் கட்டிக் கொடுத்து வேறு தோட்டத்துக்கு அனுப்புவதும் நாமே, வந்தவள் என்று சொல்வதும் நாமே என்றால், பெண்கள் எந்தத் தோட்டத்தில்தான் தலைவராக வருவது? பிறந்த இடத்தில் அவள் போனவள், புகுந்த இடத்தில் அவள் வந்தவள்.

ரென்ஹோ 2024 இல் மேல்சபையை விட்டு டோக்கியோ ஆளுநர் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் எழுதினார்கள். 2025 ஜூலையில் மறுபடி மேல்சபைக்குத் தெரிவானார்.

நம்முடைய கிளைக் கூட்டம் வரும் மாதம் மறுபடி கூடுகிறது. அந்த அக்காவிடம் பேசினேன். "நிக்கிறேன் டீச்சர், ஆனா பழைய கேள்வி வந்தா நீங்க வாயத் தொறக்கணும்" என்றார். திறப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.